வீட்டுக்கு தினமும் நன்றி சொல்லிப் பழகுவது எப்படி? நோட்டுப் புத்தகம் எனக்குக் கைகொடுக்கவில்லை

ஜன்னலோரம் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். 11 நாள். ராத்திரி கூட இருந்தது நான்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கம், பக்கத்துக் கட்டிலில் யாராவது இருமினால் முழிப்பு, விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் இரவு மாற்றுத் துணி எடுக்க மட்டும் தனியாக வீட்டுக்கு வந்தேன். பூட்டைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, வலது கை தானாகப் போய் ஸ்விட்ச் மேல் விழுந்தது. தேடவே இல்லை. ஆஸ்பத்திரி பாத்ரூமில் ஒவ்வொரு தடவையும் நாலைந்து ஸ்விட்சைத் தட்டித் தட்டித்தான் விளக்கைப் போட்டேன், இங்கே என் கைக்கே வீடு தெரிந்திருக்கிறது. அது உறைத்ததும் விளக்கைப் போடாமல் அப்படியே சுவரில் கை வைத்து நின்று அழுதுவிட்டேன்.

இரண்டே அறை உள்ள வீடுதான். அலமாரிக் கதவு ஒன்று சரியாகச் சாத்தாது, அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும். அக்கா வீட்டுக்குப் போய் வந்தாலே எனக்கு இரண்டு நாளைக்கு முகம் தொங்கிவிடும். ஆனால் அன்றைக்கு இந்த வீட்டைப் போல் ஒன்று எங்கேயும் இல்லை என்று மனசாரத் தோன்றியது.

இப்போது அம்மா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அந்த உணர்வு எங்கே போனதென்றே தெரியவில்லை. நேற்று அதே அலமாரிக் கதவைத் திட்டிக்கொண்டே ஓங்கிச் சாத்தினேன். தோழி ஒருத்தி சொன்னாள் என்று தினமும் படுக்கும் முன் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தது. ஆறாவது நாள் பார்த்தால் ‘கூரைக்கு நன்றி, தண்ணீருக்கு நன்றி, கட்டிலுக்கு நன்றி’ என்று தப்புக்குத் தண்டனையாக நூறு முறை எழுதுகிற பள்ளிப் பிள்ளை போல எழுதிக்கொண்டிருக்கிறேன். மனசில் ஒன்றுமே இல்லை.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அதற்காக ஒவ்வொரு தடவையும் வெயிலில் போய் நின்றுவிட்டா வர முடியும்? நிழலில் இருந்துகொண்டே அதை உணர வழி இருக்கிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

முதலில் அம்மா நலமாக வீடு திரும்பியதில் சந்தோஷம்.

அந்த உணர்வு போய்விட்டதே என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம், அது உங்கள் தப்பு இல்லை. 1804இல் டிராக்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் ஒன்றைக் கவனித்து எழுதினார்: ஒரே புள்ளியைக் கண் அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், ஓரத்தில் இருக்கிற பொருட்கள் மெதுவாக மங்கி மறைந்தே போகும். பொருள் அங்கேயேதான் இருக்கும், மாறாத ஒன்றைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்வதை நம் பார்வை நிறுத்திவிடும், அவ்வளவுதான். கண்ணைக் கொஞ்சம் அசைத்தால் மறுபடி தெரியும். வீட்டு விஷயத்திலும் மனசு இப்படித்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். நல்லதோ கெட்டதோ, கொஞ்ச நாளில் பழகிப்போகும் இந்த இயல்பைப் பற்றி 1971இல் பிரிக்மன், கேம்பல் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். ஓடுபொறியில் ஓடுகிறவர் எவ்வளவு ஓடினாலும் அதே இடத்தில் இருப்பது போல, எது கிடைத்தாலும் மனசு பழைய நிலைக்கே வந்து நிற்கிறது என்பது அவர்கள் கருத்து.

நோட்டு பற்றி. இந்தப் பழக்கத்தைப் பிரபலமாக்கிய எம்மன்ஸ், மெக்கல்லோ ஆய்வு 2003இல் வந்தது. அதன் முதல் பகுதியில் தினமும் எழுதச் சொல்லவே இல்லை. வாரம் ஒரு முறை, 10 வாரம், அதிகபட்சம் ஐந்து விஷயம். அன்றாடத் தொல்லைகளை எழுதிய இன்னொரு பிரிவினரைவிட, நன்றியை எழுதிய இவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை மேல் திருப்தி கூடியிருந்தது. பிறகு லுபோமிர்ஸ்கி குழுவினர் 2005இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி எழுதினால் சடங்காகிவிடுகிறது, ஆறாவது நாள் உங்களுக்கு நடந்தது அதேதான்.

அதனால் நோட்டை ஒரு வாரம் மூடி வையுங்கள். எழுதும்போது ‘கூரை’ என்று எழுதாதீர்கள். ‘இருட்டில் என் கை போய் விழுந்த ஸ்விட்ச்’ என்று எழுதுங்கள். மேலே நீங்கள் எழுதிய பதிவில் அந்த வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

வாடகைக்குடி:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாறுபட்டுப் பேசப் போகிறேன். ஜன்னலோரம், உங்கள் மேல் கோபம் இல்லை.

எங்கள் படுக்கையறைச் சுவரில் ஈரம். ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. துடைத்தால் பத்து நாளில் திரும்ப வருகிறது. சின்னவளுக்கு நாலு வயது, ராத்திரியில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே நானும் மனைவியும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறோம். வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. உறவுக்காரர்களிடம் சொன்னால் என்ன பதில் தெரியுமா? ‘எத்தனையோ பேருக்குத் தலைக்கு மேல் கூரையே இல்லை, இருப்பதை நினைத்து சந்தோஷப்படு.’ வீட்டுக்காரரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்.

அதனால் வீட்டுக்கு நன்றி என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு வாயை அடைக்க வருகிறார்கள் என்றுதான் படுகிறது. 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தில் 25ஆவது பிரிவு, உணவு, உடை, மருத்துவத்தோடு சேர்த்து வீட்டையும் சொல்கிறது. உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் போதுமான வாழ்க்கைத்தரம் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. அதாவது யாரோ பார்த்துப் போடுகிற பிச்சை இல்லை. உரிமையான ஒன்றுக்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? வாடகையைத் தேதி தவறாமல் கட்டுகிறேன்.

ஜன்னலோரம்:

வாடகைக்குடி, நீங்கள் கேட்டது நியாயம். குழந்தை மூச்சு இழுக்கும்போது உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் சொன்னது தப்பு, நான் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை. யாருக்கு நன்றி என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு நான் யாரையும் நினைத்து அழவில்லை, சுவரைத் தொட்டுக்கொண்டு அழுதேன், அவ்வளவுதான். இப்போது குழந்தை எப்படி இருக்கிறாள்?

குழாய்வேலை:

28 வருஷமாக பிளம்பர் வேலை பார்க்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லை, தப்பிருந்தால் விட்டுவிடுங்கள்.

தம்பி வாடகைக்குடிக்கு முதலில். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் துடைப்பதிலும் வெள்ளையடிப்பதிலும் புண்ணியமே இல்லை. ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஈரமான இடத்தை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, ஒரு முழம் அகலத்துக்கு பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், நீர் கோத்திருந்தால் அது அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிவது, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டால் குறையும். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்தே வருகிறது: குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல், அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம், இப்படி ஏதாவது ஒன்று. அதை வீட்டுக்காரர்தான் சரிசெய்ய வேண்டும். போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம் ஜன்னலோரம் கேட்டதற்கு. நான் ஒரு பொருளைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வாஷ்பேசினுக்குக் கீழே குனிந்து பாருங்கள், குழாய் நேராகப் போகாமல் வளைந்து இறங்கி மேலேறிப் போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ஒரு டம்ளர் இருக்கும். அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் வாயுவையும் உங்கள் வீட்டுக்குள் வரவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது, ராத்திரி பகல் பாராமல். வளைவில் தண்ணீரை நிறுத்தும் இந்த யோசனைக்கு கழிப்பறையில் வைப்பதற்காக 1775இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். அவர் தொழில் கடிகாரம் செய்வது. 250 வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கும் எந்த வீட்டில் குனிந்தாலும் அந்த வளைவு இருக்கிறது.

வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போனவர்கள் திரும்பி வந்ததும் எனக்கு போன் செய்வார்கள், வீடெல்லாம் நாறுகிறது, எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் உடைந்திருக்காது. புழங்காததால் அந்த வளைவில் தண்ணீர் வற்றிப்போயிருக்கும். நான் போய் ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவேன், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அப்படி ஊற்றும்போது எனக்கு எப்போதும் ஒன்று தோன்றும். ஆள் இருந்து புழங்கினால்தான் வீடு வீடாக இருக்கிறது, நாம் கை கழுவுகிற தண்ணீரே அதற்குக் காவலாக நிற்கிறது.

2022 கணக்குப்படி உலகத்தில் 220 கோடிப் பேருக்கு, வேண்டிய நேரத்தில் வீட்டிலேயே சுத்தமான குடிநீர் கிடைக்கும் வசதி இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து சொன்னது. இந்த எண்ணிக்கையைச் சொல்லி யாரையும் சும்மா இரு என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு இதனால் என்ன என்றால், ஒழுகுகிற குழாயைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப்போக மனசு வராது. வாய்விட்டு நன்றி சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை, என் வீட்டில் வாஷர் தேய்ந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவேன்.

அந்த அலமாரிக் கதவு சாத்தாதது கீல் இறங்கியிருக்கும். திருகை இறுக்கிப் பாருங்கள். திருகு பிடிக்காமல் சுற்றினால் ஓட்டைக்குள் பசை தடவிய தீக்குச்சி இரண்டைச் செருகி, காய்ந்ததும் மறுபடி முடுக்குங்கள்.

பழையசாவி:

இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

நான் வளர்ந்த வீடு பயமான வீடு. விவரம் வேண்டாம். வெளிக்கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அம்மா உடனே எங்களைப் பார்த்து விரலை உதட்டில் வைப்பார். பெரிய வீடுதான். பார்க்கிறவர்கள் எல்லாம் ‘உங்களுக்கு என்ன குறை’ என்பார்கள். அந்த வீட்டை நினைத்து நன்றி சொல் என்று ஒரு ஆலோசகர் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார், நான் மறுபடி அவரிடம் போகவில்லை.

இன்றைக்கு ஒரே ஒரு அறையில் தனியாக இருக்கிறேன். கட்டில், மேசை, ஒரு ஜன்னல். வேலை முடிந்து வந்ததும் உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போடுவேன். இரும்புத் தாழ்ப்பாள், கொஞ்சம் துருப்பிடித்தது, பாதி வழியில் ஒரு இடத்தில் சிக்கும், கட்டைவிரலால் லேசாகத் தூக்கித் தள்ளினால் ‘டக்’ என்று போய் உட்காரும். அந்த ‘டக்’ கேட்ட பிறகுதான் என் தோள் இறங்கும். எட்டு வருஷமாக ஒரு நாள்கூட அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போகவில்லை. இரவுப்பணி சொன்ன டிராக்ஸ்லர் விஷயம் எனக்கு இதில் மட்டும் பொருந்தவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், ஜன்னலோரம்: எது உங்களை உண்மையில் காப்பாற்றியதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். வராத இடத்தில் வலிய வரவழைக்காதீர்கள். வாடகைக்குடி அண்ணா, உங்கள் சுவருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியதே இல்லை.

இரவுப்பணி:

பழையசாவி, எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஒரு ஆய்வு நினைவுக்கு வந்தது. 2008இல் கூ, ஆல்கோ, வில்சன், கில்பர்ட் என்று நாலு பேர் செய்தது. தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு நல்ல விஷயம் எப்படி நடந்தது என்று ஒரு பிரிவினரை எழுதச் சொன்னார்கள், அது எப்படியெல்லாம் நடக்காமலே போயிருக்கக்கூடும் என்று இன்னொரு பிரிவினரை எழுதச் சொன்னார்கள். இரண்டாவது பிரிவினருக்குத்தான் மனசு அதிகம் நிறைந்தது. முன்கூட்டிக் கணிக்கச் சொன்னபோது பொதுவாக இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. அந்தத் தாழ்ப்பாள் இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது பழையசாவிக்கு நினைவில் இருக்கிறது, அதனால்தான் அது மங்கவில்லை என்று தோன்றுகிறது. மற்றவர்கள் அதைக் கற்பனையிலாவது ஒரு நிமிடம் செய்து பார்க்கலாம். இந்த வீட்டை நான் முதலில் பார்க்க வந்த அன்று வேறு ஒருவர் எனக்கு முன்னால் முன்பணம் கொடுத்திருந்தால்? இதை நான் வருஷத்துக்கு ஒரு முறை, குடிவந்த தேதியில் நினைத்துப் பார்ப்பேன். ஜன்னலோரம் கேட்டதற்கும் இதுதான் என் பதில், வெயிலில் போய் நிற்க வேண்டாம், வெயிலை நினைத்தாலே போதும்.

ஆனால் ஒன்று. நன்றிப் பயிற்சியால் மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அந்த விஷயத்தில் பலன் சிறியதுதான். நல்லது, சிறியது. வைத்தியத்துக்கு மாற்று இல்லை.

நாலுபேர்_வீடு:

அத்தனை பேர் எழுதியதையும் படித்தேன். கூரைக்கு, குழாய்க்கு, தாழ்ப்பாளுக்கு எல்லாம் நன்றி சொல்லியாகிவிட்டது. வீட்டை வீடாக வைத்திருக்கிறவருக்கு யாராவது சொன்னீர்களா?

நான் இல்லத்தரசி. 19 வருஷமாக நாலு பேர் இருக்கிற வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டு வேலையில் ஒரு விசித்திரம் என்னவென்றால், ஒழுங்காகச் செய்தால் கண்ணுக்கே தெரியாது, செய்யாவிட்டால்தான் தெரியும். குப்பை நிறைந்தால் எல்லோர் கண்ணிலும் படும், காலியாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. 2010இல் சாக்ஸ்பி, ரெபெட்டி என்று இரண்டு ஆய்வாளர்கள் வேலைக்குப் போகிற தம்பதிகளில் 60 பேரிடம் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்களாம். வீடு இறைந்து கிடக்கிறது, அரைகுறை வேலை நிற்கிறது என்ற மாதிரிச் சொற்களை அதிகம் பேசிய மனைவிகளுக்கு, மன அழுத்தத்தோடு சேர்ந்த கார்டிசால் என்ற ஹார்மோன் நாள்போக்கில் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. என் மகள் கல்லூரிப் பாடத்தில் படித்துவிட்டு எனக்குச் சொன்னாள். எனக்கு அதைக் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. கணவர் உள்ளே வந்தால் சோபா தெரியும், எனக்கு சோபா மேல் மடிக்காமல் கிடக்கிற துணி தெரியும். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் இரண்டு பேர் கண்ணுக்கும் அது ஒன்றாக இல்லை.

சண்டைக்காகச் சொல்லவில்லை. போன வருஷம் ஒரு நாள் என் சின்ன மகன், 13 வயது, படுக்கப் போனவன் திரும்பி எழுந்து வந்து, ‘அம்மா, இன்னிக்கு பெட்ஷீட் மாத்தினியா? வெயில் வாசனை வருது’ என்றான். அவ்வளவுதான் சொன்னான், போய்ப் படுத்துவிட்டான். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டு இருந்தேன், துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அன்று காலை அந்தக் கனத்த விரிப்பை நான் பிழிந்தது, கொடியில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டது, மழை வருமோ என்று மூன்று தடவை எட்டிப் பார்த்தது, எல்லாம் அவன் மூக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஜன்னலோரம், நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த 11 நாளும் அந்த வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்? அங்கிருந்து தொடங்குங்கள் என்பேன்.

மூன்றாம்படி:

நாலுபேர்_வீடு அக்கா சொன்னதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அப்புறம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதை இங்கே எழுதவில்லை.

என் விஷயம் வேறு. எங்கள் பழைய வீடு வெள்ளத்தில் போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அது பெரிய விஷயம். பிறகு வேறு வீடு கிடைத்தது, பழையதைவிட நல்ல வீடு, வெளிச்சமான வீடு. ஆனால் எது இல்லாமல் போனதென்று பார்த்தால், நாங்கள் பத்திரமாக எடுத்து வைத்த பொருட்களில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. மாடிப்படியில் மூன்றாவது படி மிதித்தால் முனகும், ராத்திரி தாமதமாக வந்தால் அதைத் தாண்டிக் கால் வைப்போம், அப்பாவுக்குத் தெரியாமல். கதவுச் சட்டத்தில் பிள்ளைகள் உயரத்தைப் பென்சிலால் குறித்திருந்தோம், பெரியவனுக்கு ஏழு கோடு, சின்னவளுக்கு நாலு. அந்த நாலாவது கோட்டை அவள் எம்பிக் குதிகாலைத் தூக்கி ஏமாற்றிப் போட வைத்தாள், தெரிந்தே போட்டேன்.

புது வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று செய்கிறோம். மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்குள் ஒரு போட்டோ. ஆள் நிற்காத போட்டோ. சாயங்காலம் நாலு மணிக்குத் தரையில் விழுகிற ஜன்னல் வெயில், செருப்புகள் கிடக்கிற விதம், கைப்பிடி தேய்ந்த இடம். பழைய வீட்டில் எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் நாங்கள்தான் இருக்கிறோம், வீடு எங்கள் தலைக்குப் பின்னால் ஓரமாகத்தான் இருக்கிறது. கதவுச் சட்டம் ஒன்றில்கூட இல்லை.

பட்டம்விடு:

சின்னதாக ஒன்று. எங்கள் வீட்டில் இரண்டு வாண்டுகள். நன்றி சொல்லு என்றால் ‘நன்றீஈ’ என்று இழுத்துவிட்டு ஓடிவிடும். அதனால் ராத்திரி விளக்கை அணைத்ததும் ‘இன்னைக்கு நம்ம வீடு உனக்கு என்ன பண்ணுச்சு?’ என்று மட்டும் கேட்பேன். நேற்றுப் பெரியவள்: ‘கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சேன், யாருமே கண்டுபிடிக்கல.’ ஐந்து வயதுக்காரன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ‘கதவு என் விரலை நசுக்கல’ என்றான்.

வாடகைக்குடி:

மறுபடி வந்திருக்கிறேன். ஜன்னலோரம், அன்றைக்குக் குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், பதில் போடாமல் விட்டதற்கு மன்னிக்கவும்.

குழாய்வேலை அண்ணன் சொன்னபடி தாள் ஒட்டினேன். மூன்றாம் நாள் பிரித்தால் சுவரை ஒட்டிய பக்கம் முத்து முத்தாக நீர். வெளிப்பக்கம் காய்ந்தே இருந்தது. போட்டோ எடுத்து, தேதி போட்டு, மருத்துவர் சீட்டையும் வைத்து எழுத்தில் கொடுத்தேன். முதலில் இழுத்தடித்தார். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு ஆள் வந்து பார்த்ததில், அடுத்த பக்கத்துக் குளியலறைக் குழாய் இணைப்பில் கசிவு. உடைத்துச் சரிசெய்துவிட்டார்கள். சுவர் உலர இன்னும் பல வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை சின்னவளைக் கூடத்தில் படுக்க வைத்திருக்கிறோம். ராத்திரி மூச்சுச் சத்தம் குறைந்திருக்கிறது.

என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. வீடு உரிமைதான். அதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கூடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது, நாங்கள் அதைத் திறந்ததே இல்லை, முன்னால் பீரோ நின்றது. பீரோவை நகர்த்திப் பாய் போட்டதால் இப்போது திறக்கிறோம். விடியும் நேரத்தில் காற்று நேராக அவள் முகத்தில் படுகிறது. நேற்றுக் காலை அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் கேட்டது இதுதானா என்று தெரியவில்லை.

குழாய்வேலை:

சந்தோஷம் தம்பி. உலர்ந்த பிறகு பூஞ்சை பிடித்த பூச்சை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் மேலே வண்ணம் அடிக்க விடாதீர்கள். அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரம்:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். அம்மாவோடு ஓடிக்கொண்டிருந்ததில் பதில் போட முடியவில்லை, ஆனால் ஒவ்வொரு பதிவையும் படித்தேன், சிலவற்றை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். வாடகைக்குடி, நான் கேட்டது அதேதான்.

நோட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதுகிறேன். மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை. ஒரு வாரம் ஒன்றும் தோன்றவில்லை, எழுதவில்லை, விட்டுவிட்டேன். தினமும் செய்வது ஒன்றே ஒன்று, வெளியிலிருந்து வந்ததும் ஸ்விட்சைப் போடுவதற்கு முன் கையை அதன் மேல் ஒரு நொடி வைத்திருப்பது. சில நாள் மறந்துபோகிறது.

அலமாரிக் கதவுக்குத் திருகு பிடிக்கவில்லை, தீக்குச்சி வைத்து முடுக்கினேன். சாத்துகிறது. 11 நாளும் வீட்டைப் பார்த்துக்கொண்டது யார் என்று நாலுபேர்_வீடு அக்கா கேட்டபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. எதிர்வீட்டுப் பெண்தான். சாவியை அவளிடம்தான் கொடுத்திருந்தேன். தினமும் ஜன்னலைத் திறந்து மூடியிருக்கிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், நாங்கள் திரும்பிய அன்று அம்மா கட்டிலில் புது விரிப்பு இருந்தது, நான்தான் முன்பே போட்டிருந்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போய்ச் சொன்னேன். ‘இதுக்குப் போயா இவ்வளவு தூரம்’ என்றாள், மூன்றடி தூரம்தான். பிறகு இரண்டு பேரும் கதவிலேயே நின்று ஒரு மணி நேரம் பேசினோம்.

கடைசியாக ஒன்று. அம்மா ராத்திரி பாத்ரூம் போக விளக்குப் போடுவதில்லை என்று போன வாரம்தான் கவனித்தேன். என்னை எழுப்பிவிடக் கூடாது என்று இருட்டிலேயே சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறார். தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது, உள்ளங்கை சுவரில் உரசிப் போகிற சத்தம், நடுவில் நிற்கும், என் நாற்காலி அங்கே சுவரை ஒட்டிக் கிடப்பதால் கையை எடுத்துச் சுற்றிப் போக வேண்டும், அப்புறம் மறுபடி உரசும்.

காலையில் எழுந்ததும் நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டேன். வழியில் ஒரு சின்ன இரவு விளக்கும் மாட்டியாகிவிட்டது. ஆனாலும் அம்மா சுவரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார். நேற்று ராத்திரி அந்தச் சத்தம் நடுவில் நிற்காமல் கடைசிவரை போனது.